நம்பரை மட்டும் சொல்லு

ஜூன் 9, இரவு

அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அறைத் தோழியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஒரே குப்பைத் தொட்டியில் போடாமல் இரண்டு தொட்டியில் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

நீ போகும்போது என் பென்சில் பெட்டிக்குள் விலாசச் சீட்டை வைத்துவிட்டுப் போனாய். இத்தனை நாளும் அதை வெளியே எடுக்கவே பயமாக இருந்தது. அப்பா தன் போனிலிருந்து உன் எண்ணை அழித்துவிட்டார். இருந்திருந்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. நம் சோபாக் கடைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரிய தையல் மெஷினில் ஊசிக்கு மேலே ஒரு குட்டி விளக்கு இருக்குமே, அதை மட்டும் போட்டிருக்கிறேன். வெளிச்சம் உள்ளங்கை அகலம்தான் விழுகிறது. வரிக்கு வரி காகிதத்தை நகர்த்த வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எடுக்கவில்லை. அந்த முப்பத்தோராயிரத்தை நீ எடுக்கவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் செய்தது நான்.

திருடவில்லை. தப்பாகப் படித்தேன்.

இந்த மெஷினை அப்பா கிரெடிட் கார்டில் அறுபதாயிரத்துக்கு வாங்கிய அன்று, "மாசம் மூவாயிரம், இருபது மாசம், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று மெஷின் கடைக்காரர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அதைத் தவணையாக யாரும் வங்கியில் மாற்றவேயில்லை. வாய்ப்பேச்சோடு போய்விட்டது. முதல் பில் வந்தது. அப்பாவுக்குத்தான் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாதே, என்னைக் கூப்பிட்டார். "கணக்கப்பிள்ளை, எல்லாத்தையும் படிக்காத. நம்பரை மட்டும் சொல்லு." பில்லில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் அறுபதாயிரம், இன்னொன்றில் மூவாயிரம். அறுபதாயிரம் கார்டின் வரம்பு என்று நானே முடிவு செய்துகொண்டு, "மூவாயிரம்ப்பா" என்றேன். அவரும் கட்டினார்.

அது தவணை இல்லை அக்கா. கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அதை மட்டும் கட்டினால் மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி.

அடுத்த மாதம் அந்தக் கட்டத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது இருந்தது. "பாத்தியா, கடன் கரைஞ்சுகிட்டே வருது" என்று அப்பா சிரித்தார். "இருந்தாலும் நாம மூவாயிரமாவே கட்டுவோம். நமக்கு எதுக்கு பேங்க்காரன் தர்மம்?" ஒரு நாள்கூடப் பிந்தாமல் இருபது மாதம் கட்டினார். இருபது மாதமும் நான்தான் படித்தேன்.

கடன் முடிந்தது என்று வங்கிக்குப் போனவரிடம், இன்னும் முப்பத்தோராயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்பது பாக்கி என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? யாரோ கார்டைத் தேய்த்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். கார்டின் ரகசிய எண் அவருக்கு அடுத்தபடி உனக்குத்தான் தெரியும். நீ வேறு சரியாக மார்ச்சில் பழைய லேப்டாப் வாங்கி வந்தாய். அன்று அவர் உன்னைச் சொன்ன சொல்லை இங்கே எழுத என் பேனா மறுக்கிறது.

எப்படித் தெரிந்தது தெரியுமா? பில்லின் இரண்டாம் தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்க்க வைத்திருந்தேன். நேற்று ஒரு பழைய சமன்பாட்டைத் தேடினேன். தாள் புரண்டது. மறுபக்கம் 'வட்டி 1,995' என்று இருந்தது. எல்லாத் தாளையும் தேடி எடுத்தேன். இருபது தாள், இருபது வட்டி. கூட்டினேன். 31,579. பைசாப் பிசகாமல் அப்பா கத்திய அதே எண்.

அப்பா இப்போது கட்டுவதையே நிறுத்திவிட்டார். "நான் செலவழிக்காத காசுக்கு நான் எதுக்குக் கட்டணும்?" என்கிறார். போன மாதத்துக்கு அபராதம் எழுநூற்றைம்பது. மெஷினை விற்றுக் கடனை அடைக்க ஒரு தரகரிடம் பேசியிருக்கிறார். முப்பதாம் தேதி தூக்கிக்கொண்டு போவார்களாம்.

நீ வந்தால் இரண்டு முறை தட்டி, கொஞ்சம் நிறுத்தி, ஒரு முறை தட்டுவாயே. அது கேட்டு முப்பத்து நான்கு நாள் ஆகிறது.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பள்ளிக்கு எதிரே இருக்கும் ஸ்டேஷனரி கடை அக்கா வாங்கி வைப்பதாகச் சொன்னார். அவரிடம் எதற்கு என்று சொல்லவில்லை. காதல் கடிதம் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

உன் தங்கை


ஜூன் 14

அடியே கணக்கப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன். நான் திருடி இல்லை என்பதற்கு உலகத்திலேயே இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

இரண்டு நாள் கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேலும்தான், ஆனால் கால்வாசி. படிக்கத் தெரியாத விஷயத்தைத் தப்பாகப் படித்துவிட்டாய், அது சின்னப் பிள்ளை செய்கிற தப்பு. அன்றைக்குக் கதவுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, அக்கா அப்படிச் செய்ய மாட்டா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாயே, அதுதான் வலிக்கிறது. உன் விரல் திரைச்சீலையைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த லேப்டாப் எப்படி வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால், மூன்று வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த காசு என்று சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, தீர்ப்பு சொன்னார். கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? எனக்கும் அவருடைய ரத்தம்தானே, திமிர் இருக்காதா?

இங்கே துணிக்கடையில் பில் போடும் மேசையில் இருக்கிறேன். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பேர் கார்டை நீட்டுகிறார்கள். மெஷின் 'பீப்' என்று சொல்கிற வரைக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், பணக்காரர்கள்கூட. வேடிக்கையாக இருக்கும்.

நீயே அப்பாவிடம் சொல். நான் வர மாட்டேன், எழுதவும் மாட்டேன். உன் வாயால் போன மானம் உன் வாயால்தான் திரும்ப வர வேண்டும்.

அக்கா

பி.கு.: சாப்பிடுகிறாயா? பரீட்சை எப்போது?


ஜூன் 18, இரவு

அக்கா,

முடியவில்லை. மூன்று முறை போனேன்.

முதல் முறை அப்பா நாற்காலி மெத்தையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் பத்து ஆணி. "ன்ன?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிட்டேன். இரண்டாம் முறை ஒரு வாடிக்கையாளர் இருந்தார். அவரிடம் அப்பா என்னைக் காட்டி, "இது என் சின்னப் பொண்ணு. கடைக் கணக்கு, பேங்க் கணக்கு எல்லாம் இவதான். தங்கம். இவளாவது நம்பிக்கையா இருக்கா" என்றார். 'இவளாவது' என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வேன்?

மூன்றாம் முறை அம்மாவிடம் சொல்லலாம் என்று போனேன். அம்மா உன் தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். யாரும் படுக்காத தலையணைக்கு எதற்கு உறை மாற்ற வேண்டும்? என்னைப் பார்த்ததும், "தூசி" என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், திட்டாதே. ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். எண் பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

பில் இப்போது முப்பத்து மூவாயிரத்து நானூற்று முப்பத்து நான்கு ஆகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதிக்குள் கட்டாவிட்டால் இன்னொரு அபராதம். தரகர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அறுபதாயிரம் மெஷினுக்கு இருபத்து நான்காயிரம் தருவாராம். கலையரங்கத்திலிருந்து நூற்றிருபது நாற்காலிக்கு உறை தைக்கும் வேலை வந்திருக்கிறது. முன்பணம் வங்கிக் கணக்கில் இருக்கிறது. மெஷின் போனால் எதை வைத்துத் தைப்பார்? "கையால தைப்பேன்" என்கிறார். நூற்றிருபது நாற்காலியை!

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னால் கேட்பார். ஒரே ஒரு வரி எழுதேன்.

தங்கை


ஜூன் 22

சுண்டெலி,

சிரிக்காமல் படி. சத்தியம் செய்.

உன் முதல் கடிதத்தைப் படித்த பிறகு என் மனசுக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. நேற்று என் பெட்டியைத் திறந்து என் பில்லை எடுத்தேன். ஆமாம், என் பில். வேலைக்குச் சேர்ந்த வாரமே கடையில் எல்லோருக்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள். மின்விசிறி, வாளி, போர்வை, ஒரு ஜோடி செருப்பு. நாலாயிரத்து இருநூறு. போன மாதம் பில் வந்தது. மகாராணி என்ன செய்தாள்? இருநூற்றுப் பத்து கட்டிவிட்டு, 'அப்பாடா, கடனில்லாமல் இருக்கிறேன்' என்று நிம்மதியாகத் தூங்கினாள். இந்த மாதமும் அதையே செய்யவிருந்தாள்.

ஒரு நாளைக்கு இருநூறு கார்டு தேய்க்கிறவள் நான்! ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. உன்னை எவ்வளவு பெரிய கோர்ட்டில் நிறுத்தி விசாரித்தேன்! நேற்றே கையிலிருந்த சேமிப்பை எடுத்து முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். செருப்பு கடிக்கிறது, அது வேறு விஷயம்.

ஆகவே கணக்கப்பிள்ளை, நீ என்னைக் காப்பாற்றிவிட்டாய். ஒன்றிரண்டு நூறுதான், ஆனால் இரண்டு வருஷம் கழித்து அது எவ்வளவாக வளர்ந்திருக்கும் என்று உனக்குத்தான் தெரியுமே.

எங்கள் கடைக் கணக்காளரிடம் யார் வீட்டுக் கதை என்று சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். மெஷினை விற்க வேண்டாம். வங்கிக்கு நேரில் போய், மீதித் தொகை முழுவதையும் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமாம். எழுத்தில் கேட்க வேண்டும். இருபது மாதம் தவறாமல் கட்டியவர் என்றால் அபராதத்தையும் தள்ளச் சொல்லிக் கேட்கலாம், கேட்பதற்குக் காசா பணமா என்றார்.

அப்பாவுக்கு நான் எழுத மாட்டேன். அவருக்காக இல்லை, உனக்காக. இதை நீ சொல்லாமல் நான் சொன்னால், நீ ஆயுள் முழுக்கத் திரைச்சீலைக்குப் பின்னாலேயே நிற்பாய்.

எனக்காகச் சொல்லாதே. உனக்காகச் சொல். ஆனால் சொல்.

அக்கா


ஜூன் 29, இரவு

அக்கா! அக்கா! அக்கா!

சொல்லிவிட்டேன். மெஷின் இங்கேயே இருக்கிறது. அதன் விளக்கில்தான் எழுதுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. வங்கியின் கார்டுப் பிரிவிலிருந்து பேசுகிறார்களாம். என்ன மரியாதை, என்ன பணிவு! "சார், உங்க பழைய பாக்கி வட்டி மொத்தத்தையும் தள்ளுபடி செய்யறோம் சார். உங்க டெபிட் கார்டை மட்டும் ஒருதடவை சரிபார்க்கணும்." அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. நான் உள்ளே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கார்டின் முன்பக்க எண்ணையும் பின்பக்க மூன்று எண்ணையும் உரக்கச் சொல்வது கேட்டது. ஓடி வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

அப்போதே போனில் ஒரு செய்தி வந்தது. அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"அந்த ஆறு நம்பர் வந்திருக்காம். சீக்கிரம், அவர் காத்திருக்காரு. நம்பரை மட்டும் சொல்லு."

அதே வார்த்தை. இருபது மாதமாகச் சொன்ன அதே வார்த்தை.

நான் நம்பரைச் சொல்லவில்லை. முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தேன். "உங்கள் கணக்கிலிருந்து நாற்பத்திரண்டாயிரம் செலுத்துவதற்கான ஒருமுறை எண் இது. இதை யாரிடமும் சொல்லாதீர்கள். வங்கி ஒருபோதும் இதைக் கேட்காது."

"நம்பர் எங்கடி?" என்றார் அப்பா.

"நம்பருக்கு முன்னாடி இருக்கிறதைக் கேளுங்கப்பா. பணம் வர்றதுக்கு இல்ல, போறதுக்கு."

போனுக்குள்ளிருந்து அந்த ஆள், "பாப்பா, போனை அப்பாகிட்ட குடும்மா, சின்னப் பிள்ளைங்களுக்கு இது புரியாது" என்றான். அக்கா, எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "எனக்கு நல்லாவே புரியுது மாமா. பத்து நிமிஷம் கழிச்சு பேங்க் வாசல்ல நில்லுங்க, நேர்ல வந்து தர்றோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டு அந்த டெபிட் கார்டை முடக்கச் சொன்னேன். நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறும் அப்படியே இருக்கிறது. கலையரங்கத்து முன்பணம் அதுதான்.

அப்பா அப்படியே உறை போடாத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் கிரீச்சென்றது. "நீ முழுசா படிக்கலைன்னா…" என்றார்.

அந்த நேரத்தை விட்டால் இனி எந்த நேரமும் கிடைக்காது என்று தோன்றியது. பில் தாள்களைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து இருபது தாளையும் துணி வெட்டும் மேசையில் பரப்பினேன்.

"அப்பா, இதை நான் முழுசா படிக்கல. இருபது மாசமும் நம்பரை மட்டும்தான் சொன்னேன். தப்பான நம்பரை. அக்கா எடுக்கல. அந்த முப்பத்தோராயிரமும் வட்டி."

ஒவ்வொரு தாளாகப் படித்தேன். அவர் விரலை வரியில் வைத்துக்கொண்டே வந்தார். கடைசித் தாளில் விரல் நின்றுவிட்டது. அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து மெஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தார். தேவையே இல்லாத இடத்துக்கெல்லாம் விட்டார்.

பிறகு திரும்பாமலே கேட்டார். "அன்னைக்கு அவளை நான் என்ன சொன்னேன்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"வேணாம்ப்பா."

"முழுசா சொல்லு. ஒரு வரி விடாம."

சொன்னேன், அக்கா. "வீட்டுக்குள்ளேயே ஒரு திருடியை வளர்த்திருக்கேன், சோறு போட்டு" என்பதையும் சொன்னேன். அம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கடைசிவரை திரும்பவே இல்லை. காதுமடல் மட்டும் சிவந்து போயிருந்தது. "இது அவளுக்குத் தெரியுமா?" என்றார். நான் கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் திரும்பி அந்த நோட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நேற்று காலை, கடைசி நாள், இருவரும் வங்கிக்குப் போனோம். நீ எழுதியதை எல்லாம் நான் விண்ணப்பமாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி ஒரு படிவத்தைத் தள்ளி, "பெருக்கல் குறி போட்ட இடத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார். அப்பா பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"என் பொண்ணு முழுசா படிப்பா. அப்புறம் போடறேன்."

"பின்னால வரிசை நிக்குதுங்க."

"நிக்கட்டும். நான் இருபது மாசம் நின்னேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் படித்தேன். நான்கு பக்கம், தொண்டை காய்ந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில், 'கார்டு பாதுகாப்புத் திட்டம், மாதம் 199' என்று ஏற்கெனவே டிக் அடித்து வைத்திருந்தது. "இது நாங்க கேக்கலையே" என்றேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு அதை அடித்துவிட்டு, பக்கத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா தன் படிவத்தை விரித்து மூன்றாம் பக்கத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்!

அபராதத்தைத் தள்ளிவிட்டார்கள். மீதி முப்பத்திரண்டாயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு. பன்னிரண்டு தவணை, மாதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, எழுத்தில் வாங்கிவிட்டேன். இனி பில் தொகை முழுவதும் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி மாற்றியாயிற்று, குறைந்தபட்சம் அல்ல, முழுவதும். புது டெபிட் கார்டும் வருகிறது. அதன் ரகசிய எண்ணை அப்பா யாருக்கும் சொல்லப்போவதில்லையாம், எனக்கும்கூட. "நீ பில் மட்டும் படி, தாயே" என்றார்.

சாயங்காலம் தரகர் இரண்டு ஆட்களோடு வந்துவிட்டார், இரண்டு நாள் முன்னாலேயே. அப்பா அவரைச் சோபாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "மெஷின் விக்கிறதுக்கு இல்ல. நீங்க உக்காந்திருக்கிற சோபா வேணும்னா விக்கிறேன், அதுவும் இந்த மெஷின்ல தைச்சதுதான்" என்றார். அம்மா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

நேற்று ராத்திரியே அப்பா நாற்காலிக்கு ஃபோம் எடுக்க வெளியூர் கிளம்பிப் போனார். ஃபோம் எடுக்கப் போகிறவர் எதற்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போனார் என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், "தூசி" என்கிறாள்.

அக்கா, ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தைக் காணோம். உறையோடுதான் கணக்கு நோட்டில் வைத்திருந்தேன், உன் விலாசம் பின்னால் இருந்தது. காலையிலிருந்து தேடுகிறேன். யார் கையிலாவது கிடைத்து, நாம் எழுதிக்கொண்டதெல்லாம்

இரு. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அவர் உள்ளங்கையால் அறைவார். விளக்கை அணைக்கப் போகிறேன்.

இரண்டு தட்டு.

நின்றுவிட்டது.

அக்கா, மூன்றாவ